கண்ணை மூடிக்கொண்டு கோவன் வரை

மணிக்குப் பன்னிரண்டு பவுண்டு, இரண்டு பிஸ்கட்.
வேலை: கோடுகளைப் பார்ப்பது.
முப்பது வருடம் ரயிலில் டிக்கெட் சோதித்தவளுக்கு
இப்படியும் ஒரு சம்பளம் உண்டென்று
யாரும் சொல்லவில்லை.

கூரைமேல் கிளாஸ்கோ மழை. இருட்டறை.
மோவாய்க்கு ஒரு கிண்ணம், நெற்றிக்கு ஒரு பட்டை.
திரையில் செங்குத்தாகக் கறுப்பு வெள்ளை,
பேன்சீப்புப் பல்போல நெருக்கம்.
"நடு வட்டத்திலேயே கண்ணை உலவ விடுங்க, எஃபி"
என்கிறாள் ரடோஸ்தினா, பல்கேரியாக்காரி,
அக்டோபரிலிருந்து அவளுக்குச் சளி.

முதல் நிமிடம் கோடு கோடாக இருந்தது.
நான்காவதில் வெளுத்தது.
ஏழில் சாம்பல்,
பலமுறை அலசிய துணிபோல.
"கண் களைத்துவிட்டது" என்றேன்.
"கண் இல்லை."
இடக்கண்ணுக்கு மட்டும் காட்டினாள்,
வலக்கண்ணில் சோதித்தாள்.
பார்க்காத கண்ணும் ஏமாந்தது.
தன் பின்மண்டையைத் தட்டிக்காட்டினாள்: இங்கே.
இந்த அகலத்துக் கோட்டுக்கென்றே
இங்கே ஒரு கூட்டம் காத்திருக்கிறது.
ஒரே சேதி ஓயாமல் வந்தால்
அது குரலைத் தாழ்த்திக்கொள்கிறது.
அக்கம்பக்கத்துக் கூட்டங்கள் தாழ்த்துவதில்லை.
அதனால் இதைவிடச் சற்றே அகலமான கோடு
இன்னும் அகலமாகத் தெரியும்,
சற்றே மெல்லியது இன்னும் மெலியும்.

நடு இருக்கையில் பருத்த ஆள் உட்கார்ந்தால்
இருபுறமும் ஒதுங்குமே, அது எனக்குத் தெரியும்.

"எவ்வளவு நேரம் இருக்கும்?"
"சில நிமிடம். கண்ணை மூடிவைத்தால்
கொஞ்சம் கெடாமல் இருக்கும்."

கெடாமல்!
பாலைப்பற்றிச் சொல்வதுபோல.
அப்போதே முடிவு செய்தேன்,
இன்றைக்கு இதை வீட்டுக்கு எடுத்துப்போவதென்று.

ஹில்ஹெட் படிகளில் மட்டும் இமையைத் திறந்தேன்,
கஞ்சி செலவழிப்பதுபோல், படிக்கு ஒரு துளி அல்ல,
மூன்று படிக்கு ஒன்று.
சுரங்க ரயிலில் கழுத்துத் துணியைக் கண்ணில் கட்டினேன்.
யாரோ பையன் எழுந்து இடம் கொடுத்தான்.
மறுக்கவில்லை. அவமானம் பிறகு.
கெல்வின்ஹால். பார்ட்டிக்.
காது அடைத்தது: மேலே கிளைட் ஆறு.
ஆற்றுக்கடியில் கண்ணுமில்லாமல்
யாருக்கும் தெரியாத ஒன்றைத் தலையில் சுமந்துபோவது
கர்ப்பமாக இருந்த நாட்களை நினைவூட்டியது,
அதற்கு மேல் அதைப்பற்றி நினைக்கவில்லை.
கோவன்.

லாக்லன் சோஃபாவில் படுத்திருந்தான்.
தவிட்டுநிறக் கார்டுராய் கால்சட்டை,
எந்த விலைக்கழிவில் வாங்கியது என்பதுகூட மறந்த ஒன்று.
கண்ணைத் திறந்தேன்.
ஒன்றுமில்லை.
அதே கோடு, அதே அகலம்.
அழுகை வரப்பார்த்தது. பிறகு உறைத்தது:
அவன் படுத்திருக்கிறான்.
கோடுகள் குறுக்கே ஓடுகின்றன.
என் தலைக்குள் தாழ்ந்திருக்கும் கூட்டம்
நிமிர்ந்தவற்றுக்கு மட்டும்.

"எழுந்து நில்."
"ஏன், எங்கேயாவது தீயா?"
"நில்லேன், லாக்லன், சீக்கிரம்!"

முழங்கால் இரண்டும் ஆளுக்கொரு சொல் சொல்ல
நின்றான்.
கோடுகள் நிமிர்ந்தன.
அகன்றன,
பியானோக் கட்டைகள் அளவுக்கு,
என் விரலைக் கூப்பிடும் அளவுக்கு.
மேலே போனேன். காதோரச் சுருக்கங்கள்
அதற்கு எதிராய் மெலிந்து
பென்சிலால் லேசாய்ப் போட்டதுபோல் இருந்தன.
இளைஞனாகிவிடவில்லை, பொய் சொல்லமாட்டேன்.
ஆனால் அந்தச் சுருக்கங்கள் அங்கே இருப்பதே
எனக்கு அன்றுதான் தெரியும்.

"எதைப் பார்க்கிறாய்?"
"கால்சட்டையை."
"பழசு."
"பேசாதே, சுருங்குது."

சுருங்கிக்கொண்டுதான் இருந்தது.
பையில் பிஸ்கட் இரண்டும் நொறுங்கியிருந்தன.
அவன் இன்னும் உட்காரவில்லை.
நான் கேட்காமலே,
தையற்காரன் முன் நிற்பவன்போல,
மெல்ல ஒரு சுற்றுத் திரும்பினான்.